ஊதினா பந்து உருளும்: பையனோட ஆஸ்துமாவுக்கு வாங்கின கேம் ஸ்பைரோமீட்டர், ரெண்டு மாசம் பாத்துட்டு எழுதுறேன்

எங்க பையனுக்கு 6 வயசு, கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கோம், ஆஸ்துமான்னு டாக்டர் சொல்லி ஒன்னரை வருஷம் ஆச்சு. எத்தன ராத்திரி கிளினிக்குல கேஸ் (மருந்த ஆவியாக்கி மூச்சுல இழுக்க வைக்கறது) வச்சிட்டு விடியற நேரத்துல வீட்டுக்கு வந்திருக்கோம்னு கணக்கே இல்ல. ஊதற வேகத்த அளக்கற பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஊத வச்சு நோட்டுல எழுதுங்கன்னாங்க. வாங்கினோம், நூறு வெள்ளிக்குள்ளதான் (ரிங்கிட்), சாதா பிளாஸ்டிக் குழாய், ஊதினா முள்ளு மேல போகும். ஆனா அவன் ஊதணுமே. மூணு நாள் ஊதினான், நாலாவது நாள் வாய இறுக்கி மூடிக்கிட்டான், கெஞ்சியும் பாத்தாச்சு அதட்டியும் பாத்தாச்சு.

அப்பதான் என் தங்கச்சி இந்த கேம் வச்ச ஸ்பைரோமீட்டர பத்தி சொன்னா. உள்ளங்கையில அடங்கற சாமான், ப்ளூடூத்ல போனோட சேந்துக்கும், பிள்ள ஊதற ஊதுக்கு ஏத்த மாதிரி திரையில ஏதாச்சும் நடக்கும். நானூறு வெள்ளிக்கு மேல. பிராண்ட் பேர் போடல, இப்ப இந்த மாதிரி பல கம்பெனி விக்குது, கீழ சொல்றத எது வாங்கினாலும் பாத்துக்கோங்க.

முதல் நாளே தானா வந்து கேட்டான், அம்மா ஊதலாமான்னு. அதுக்கே அந்த காசு குடுக்கலாம்னு அன்னிக்கு தோணுச்சு.

ஆனா கேம்ல கேம் வித்தியாசம் இருக்கு. இதுல மெழுகுவத்தி அணைக்கறது ஒன்னு, பந்து உருட்டி கட்டைய சாய்க்கறது ஒன்னு. மெழுகுவத்திக்கு ஒரே ஊது, புஸ்ஸுன்னு அணைஞ்சதும் பிள்ள நிறுத்திடும். பீக் ஃப்ளோ மட்டும் வேணும்னா அது போதும், அது மூச்சு வெளிய வர்ற உச்ச வேகத்த மட்டும்தான் காட்டும், நிமிஷத்துக்கு இத்தன லிட்டர்னு. ஸ்பைரோமீட்டர் முதல் ஒரு வினாடியில எவ்ளோ காத்து வந்துச்சு, மொத்தம் எவ்ளோ வந்துச்சுன்னும் பாக்கும், அதுக்கு நெஞ்சு காலியாகற வரைக்கும் ஊதணும், சின்ன பிள்ளைங்கன்னா ஒரு மூணு வினாடியாவது. அத பழக்குறது அந்த பந்துதான். நடுவுல நிறுத்தினா பந்து பாதியிலயே நின்னுடும், அதனால முகம் செவக்க கடைசி வரைக்கும் தள்ளுவான். நீங்க வாங்கறதா இருந்தா மூச்ச நீட்டி ஊத வைக்கற கேம் இருக்கான்னு மொதல்ல பாருங்க.

இப்ப பெரிய குறைக்கு வரேன். பிள்ளைங்களுக்கு ஸ்டார் வேணும், ஸ்டாருக்காக என்ன வேணும்னாலும் கண்டுபிடிப்பாங்க. ரெண்டாவது வாரம் பையன் கன்னத்துல காத்த அடக்கி, நாக்கால தூன்னு துப்பற மாதிரி ஊதி பழகிட்டான். அப்படி ஊதினா நம்பர் சர்ருன்னு ஏறும், ஆனா அது நுரையீரல்ல இருந்து வர்ற காத்தே இல்ல, வாயில இருக்கற காத்து. நல்லா இருக்கற நாள்ல அவனோட உச்சம் 170, அன்னிக்கு 230 காட்டிச்சு, ஆப்பும் மூணு ஸ்டார் குடுத்து பாராட்டிச்சு. அதோட விடாம 230ஐயே அவனோட பெஸ்ட்னு பதிஞ்சு வச்சிக்கிச்சு. இது ஏன் முக்கியம்னா பச்ச, மஞ்ச, சிவப்புன்னு பிரிக்கறதே அந்த பெஸ்ட்ட வச்சுத்தான், 80 சதவீதத்துக்கு மேல பச்ச, 50ல இருந்து 80 மஞ்ச, அதுக்கு கீழ சிவப்பு. 170ன்னா 136க்கு மேல பச்ச. 230ன்னா 165 ஊதினா கூட மஞ்சதான்! அடுத்த நாலு நாள் நல்லா ஓடி விளையாடற பிள்ளைய மஞ்ச மஞ்சன்னு காட்டி என் உயிர எடுத்துச்சு. அந்த ஒரு நம்பர மட்டும் அழிக்க வழியே இல்ல, கடைசியில ப்ரொஃபைல் முழுசா அழிச்சு புதுசா ஆரம்பிச்சேன், மூணு வார கணக்கு போச்சு. குழந்தைங்களுக்குன்னு செய்யறவங்க இத யோசிச்சிருக்கணும்.

இன்னொரு நாள் இதுக்கு நேர் எதிரா நடந்துச்சு. ஜெரெபு (புகைமூட்டம்) வந்த வாரம், காத்து மாச காட்டற ஏபிஐ 100அ தாண்டி இருந்துச்சு, சாயங்காலம் துப்பி துப்பி ஊதி பச்ச வாங்கிட்டு உக்காந்திருக்கான். எங்கம்மா வந்து அவன் சட்டைய தூக்கி பாத்துட்டு, "ஏண்டி, விலாவெல்லாம் உள்ள இழுக்குது, நீ என்ன போனயே பாத்துட்டு இருக்க"ன்னாங்க. முதுகுல காது வச்சா விசில் சத்தம். டாக்டர் எழுதி குடுத்தபடி நீல பஃப்ப (மூச்சுத் திணறலுக்கு உடனே குடுக்கற இன்ஹேலர்) ஸ்பேசர்ல, அதாவது இன்ஹேலர்ல மாட்டற குழாய்ல குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு பக்கத்துலயே நின்னு ஒழுங்கா ஊத வச்சா, மருந்துக்கு அப்புறமே 120தான், மஞ்ச. அப்ப மருந்துக்கு முன்னாடி எவ்ளோ இருந்திருக்கும்னு நெனச்சா இன்னிக்கும் வயித்த பெசையுது.

அதுல இருந்து அவன தனியா ஊத விடறதில்ல. நிமிர்ந்து நிக்கணும், மூச்ச நல்லா இழுக்கணும், உதட்ட குழாய சுத்தி இறுக்கணும், கன்னம் உப்பினா அந்த ஊது செல்லாது. மூணு தடவ ஊதி அதுல பெரிய நம்பர எடுத்துக்கறோம், ஸ்டார் ஆப் குடுக்கறத விட்டுட்டு நான் காலண்டர்ல ஒட்டறேன், நல்லா ஊதினதுக்கு, நம்பருக்கு இல்ல. போன மாசம் ஆஸ்பத்திரியில பெரிய மெஷின்ல டெஸ்ட் எடுத்தப்ப அந்த அக்கா "ஊது ஊது ஊது"ன்னு கத்தறதுக்கு முன்னாடியே கடைசி வரைக்கும் ஊதிட்டான், போன வருஷம் இதே டெஸ்ட்ட அழுதுகிட்டே பாதியில விட்ட பிள்ள.

பேட்டரி பரவால்ல, வாய் வைக்கற பகுதிய கழட்டி சோப்பு போட்டு கழுவலாம். 5 வயசுக்கு கீழன்னா கொஞ்சம் பொறுங்க, தங்கச்சி மகளுக்கு 3 வயசு, ஊதறதுக்கு பதிலா உறிஞ்சுறா. வாங்கினா கூட பழைய பிளாஸ்டிக் குழாய தூக்கி போடாதீங்க, நாங்க சந்தேகம் வந்தா இன்னும் அதுலயும் ஒரு தடவ ஊத வச்சு பாக்கறோம்.