வீவக ஓரறை வாடகை வீடு: தனியாள் எடுக்கலாமா?

சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், குறைந்த வருமானக்காரர்களுக்குத் தரும் வீடு இது. வாடகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத வருமானம் 800 வெள்ளிக்குள், இதுவரை வீவக மானியம் வாங்கியதில்லை என்றால் ஓரறை வீடு 26 முதல் 33 வெள்ளி. ஈரறை 44 முதல் 75. வருமானம் 801 முதல் 1,500 வரை என்றால் ஓரறைக்கு 90 முதல் 123. முன்பு மானிய வீடு வாங்கி விற்றவர், வருமானம் 800க்குள் இருந்தாலும் இந்த 90–123 கட்டத்தில்தான் வருவார். மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் தனி. குறைந்த படியில் இருப்பவர், வெளியே ஓர் அறைக்கு ஒரு மாதம் கொடுக்கும் காசில் இங்கே ஒரு வருடம் ஓட்டிவிடலாம்.

தலைவலி பக்கத்துப் படுக்கையில்தான். குடும்பம் இல்லாதவருக்கு முழு வீடு கிடைக்காது. ‘ஜாயின்ட் சிங்கிள்ஸ்’ திட்டத்தில் ஒரு வீட்டில் இருவர் சேர்ந்துதான் இருக்க வேண்டும். ஓரறை வீடு என்பது சுமார் 33 சதுர மீட்டர்: ஒரு கூடம், சமையல் மூலை, ஒரு கழிவறை. படுக்கையறை என்று தனியாக எதுவும் கிடையாது. பழைய முறையில் கூட்டாளியை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். தெருவில் படுத்திருப்பவர் அப்படி ஒருவருக்கு எங்கே போவார்? அவசரத்தில் முன்பின் தெரியாத இருவர் கைகோப்பார்கள். விளக்கை எப்போது அணைப்பது என்பதில் தொடங்கும் சண்டை, ஒருவர் திரும்பவும் புளோக்கின் கீழ்த்தளத்தில் போய்ப் படுப்பதில் முடியும்.

2021இல் முன்னோட்டமாக வந்த ‘ஆப்பரேட்டர் ரன்’ முறை இதைப் பெரிதும் சரிசெய்கிறது. தனியாக விண்ணப்பிக்கலாம். வீட்டை நடத்தும் சமூக சேவை அமைப்பு பொருத்தமான ஆளைச் சேர்த்துவிடும், தகராறு வந்தால் நடுவில் பேசும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் யோசிக்காமல் இதற்கே போங்கள். தூங்கும் இடங்களுக்கு நடுவே தடுப்பு உள்ள வீடாகவும் கேளுங்கள். தடுப்பு கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. குறட்டை அப்படியே கேட்கும். ஆள் சேர்க்கும் நேர்காணலில் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: இரவு ஷிப்ட், சிகரெட், சைவமா அசைவமா, எந்த மொழி பேச வரும். சாம்பிராணி போடுகிற பழக்கம் இருந்தால் அதையும்தான். சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் ஜன்னல் ஒருவர் பக்கம் மட்டும் இருக்கிற வீட்டில் புகை பெரிய விஷயம்.

விண்ணப்பம் மூன்று இடங்களில் தட்டும். ஒற்றையர் என்றால் பொதுவாக 35 வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த 30 மாதத்துக்குள் வீடு விற்றிருந்தால் பொதுவாகத் தகுதி கிடையாது. மணவிலக்கில் வீடு போனவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்றாவது, சொந்த வீடு உள்ள பிள்ளைகள். அவர்களுடன் ஏன் இருக்க முடியாது என்று கட்டாயம் கேட்பார்கள். உறவு முறிந்ததை வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட, உங்கள் நிலை தெரிந்த சமூக ஊழியரின் கடிதம் எடுபடும். மணவிலக்குப் பெற்றவர் இறுதித் தீர்ப்புச் சான்றிதழை முதலிலேயே இணையுங்கள். கையில் கூலி வாங்குபவருக்கு மசேநி (மத்திய சேமநிதி) பதிவில் வருமானம் எதுவும் தெரியாது. முதலாளியிடம் சம்பளக் கடிதம் வாங்கி வையுங்கள்.

வீடு கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். இன்று இரவே படுக்க இடமில்லை என்றால் வீவக கிளைக்குப் போய்ப் பயனில்லை. அரசின் உதவித் திட்டமான காம்கேரின் 1800-222-0000 எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்துக்குப் போங்கள். சமய, சமூக அமைப்புகள் நடத்தும் இரவுத் தங்குமிடத்துக்கோ இடைக்காலத் தங்குமிடத்துக்கோ வழிகாட்டுவார்கள். இரவுத் தங்குமிடங்களில் பெரும்பாலும் காலையில் கிளம்பிவிட வேண்டும் என்பதால், பெரிய பை இருந்தால் எங்கே வைப்பது என்று முன்பே கேளுங்கள்.

ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு ஆண்டு. புதுப்பிக்கும்போது வருமானத்தை மறுபடி பார்ப்பார்கள். கூடியிருந்தால் வாடகையும் கூடும்.

சாவி வாங்கும் அன்று குழாய், கழிவறைத் தரை, சுவிட்ச் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே தெரிவியுங்கள். பழைய வாடகை புளோக்குகளில் மூட்டைப்பூச்சித் தொல்லை உண்டு. கீழ்த்தளத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன மெத்தை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மேலே கொண்டுவராதீர்கள். பூச்சி வந்துவிட்டால் தடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் மருந்தடிக்க வேண்டும்; ஒருவர் மட்டும் அடித்தால் பூச்சி அடுத்த பக்கம் போய்விட்டு வந்துவிடும்.