அம்மாவின் சளியும் 17.9-ம்

ஐப்பசி மழையில் ஊருக்குப் போக வேண்டாம் என்று மனைவி சொன்னாள். கேட்கவில்லை. திருச்சியில் இறங்கி, பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டு வாசலை மிதிக்கும்போதே உள்ளே அம்மா இருமுவது கேட்டது.

மூன்று நாளாகச் சளி, காய்ச்சல். சோறே இறங்காதபோது சுகர் மாத்திரை எதற்கு என்று எல்லாவற்றையும் அவரே நிறுத்தியிருந்தார். வெறும் கஞ்சிதான் என்றார். ஆனால் எதிர்வீட்டுச் சின்னம்மா இரண்டு வேளையும் மிளகும் மஞ்சளும் போட்ட பாலில் ஒரு கை பனங்கற்கண்டு அள்ளிப் போட்டுக் கொண்டுவருவார். "பனங்கற்கண்டு சுகரை ஏத்தாது தம்பி." அதுவும் சர்க்கரைதான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

என் சிங்கப்பூர் மீட்டர் 17.9 காட்டியது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எண்ணைச் சொன்னதும் மருந்து எடுத்துக் கொடுக்கும் பையன், "பதினேழா? ரொம்ப லோ சார், சீக்கிரம் சர்க்கரை குடுங்க" என்று பதறினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே மில்லிமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம். 18ஆல் பெருக்கினால் 322. டாக்டரோ, "காய்ச்சல் விட்டா தானா இறங்கிடும்" என்று ஓர் ஊசி போட்டு, இனிப்பான இருமல் சிரப்பும் எழுதினார். என்ன ஊசி என்று சீட்டில் இல்லை.

மறுநாள் காலை மீட்டரில் 22, இந்த ஊர்க் கணக்கில் 396.

நல்லவேளை, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்கா அன்று வந்தார். மீட்டரைப் பார்த்தவர் உட்காரக்கூட இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எங்களைக் கிளப்பிவிட்டார். அங்கிருந்த இளம் டாக்டரம்மா முதலில் கேட்டதே, "நேத்து போட்டது ஸ்டீராய்டா?" என்றுதான். அதுவும் சுகரை ஏற்றுமாம்.

சாப்பிடாதவருக்கு எப்படி ஏறும் என்றேன். கிருமியோடு மல்லுக்கட்டும் உடம்பு கார்டிசால், அட்ரினலின் என்று ஹார்மோன்களைச் சுரக்கும்; அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினையும் வேலை செய்ய விடாது என்றார். சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது, அதிகமானால் ஆபத்து) பார்த்தார்; இல்லை. வாந்தி இல்லை, தண்ணீர் குடிக்கிறார் என்பதால் சுகர் மாத்திரைகளில் மெட்ஃபார்மினைத் தொடரச் சொன்னார். இன்னொரு மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினை மட்டும் நன்றாகச் சாப்பிட ஆரம்பிக்கும்வரை தொடவேண்டாம் என்றார்: பட்டினியில் அது கீட்டோனை ஏற்றிவிடும், சுகர் அவ்வளவாக ஏறாமலேகூட. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் பார்க்கவேண்டும். வாந்தியோ மூச்சுத்திணறலோ வந்தால் 108.

ஒரு பைசா வாங்கவில்லை. "ஃப்ளூ ஊசி போட்டிருக்கீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. வருடா வருடம் சிங்கப்பூரில் நான் போட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கும் போடலாமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆறாம் நாள் 178. மருந்துக்கடையில் வாங்கிய புது மீட்டரில் பார்த்தது. என்னுடையதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சாயங்காலம் பால் சொம்போடு வந்த சின்னம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"சரி, அப்ப கருப்பட்டி போடட்டுமா?"