காலி மனையில் தோட்டம் போடுமுன் மண் பரிசோதனை: இருமுறை பயன்படுத்தியவரின் மதிப்புரை

நகரத்துக்குள் நெடுநாளாகக் காலியாகக் கிடந்த ஒரு மனையில் தன்னார்வலர்களாகச் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட முடிவு செய்தபோது, நாங்கள் முதலில் பணம் செலவழித்தது விதைக்கோ மண்வெட்டிக்கோ அல்ல, மண் பரிசோதனைக்குத்தான். மாதிரியைத் தபாலில் பெற்று, ஆய்வு செய்து, அறிக்கையோடு தொலைபேசி ஆலோசனையும் தரும் தனியார் ஆய்வகம் ஒன்றின் சேவையை இருமுறை பயன்படுத்தியிருக்கிறோம். ஆய்வகத்தின் பெயரைவிட, இத்தகைய சேவையை நாடும் மற்றக் குழுக்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே முக்கியம் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அதற்கு முன், மண்ணில் குத்தியவுடன் ஈரம், வெளிச்சம், கார அமில நிலை (pH) மூன்றையும் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் கையடக்கக் கருவி ஒன்றையும் வாங்கிப் பார்த்தோம். ஒரே இடத்தில் ஐந்து நிமிட இடைவெளியில் இருமுறை குத்தியபோது இரண்டு வெவ்வேறு எண்களைக் காட்டியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆய்வகம் அனுப்பிய மாதிரி எடுக்கும் வழிகாட்டி மிகத் தெளிவானது. மேலே கிடக்கும் சருகையும் குப்பையையும் விலக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் குழி வெட்டி, குழியின் பக்கச்சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கலக்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள வாளி கூடாது, ஏனெனில் அந்தத் துத்தநாகமே முடிவில் ஏறிவிடும். பிறகு கலந்த மண்ணைப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளைத் தள்ளி, மீதியை மறுபடி கலந்து, அரைக் கிலோ எஞ்சும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எங்கள் குழுவில் வேளாண்மை அறியாதவர்களே அதிகம் என்றாலும் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. செங்கல் துண்டும் ஓட்டுச்சில்லும் பொறுக்கி எறிவதில்தான் பாதி நேரம் போயிற்று.

சிக்கல் படிவத்தில் தொடங்கியது. பரப்பு எத்தனை ஹெக்டேர், பாசன வசதி என்ன, முந்தைய பயிர் எது என்று கேட்கும் அந்தப் படிவம் முழுக்க முழுக்க வயலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எங்கள் மனையில் முந்தைய பயிர் ஒரு வீடு. அதற்கு முன் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. நகரத்துக் காலி மனைக்கு மிக முக்கியமான கேள்வி, அங்கே முன்பு என்ன நின்றது என்பதே. அதை எழுதப் படிவத்தில் இடமில்லாததால், நாங்களும் எழுதாமல், மனை முழுவதற்கும் ஒரே பையை அனுப்பிவிட்டோம்.

முதல் அறிக்கை தன் வரையில் சரியானதே. கார அமில நிலை 8.3 (7க்கு மேல் போனால் காரம், கீழே போனால் அமிலம்), உப்புத்தன்மை இயல்பு, அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழையிலிருந்து வருவது) குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) நடுத்தரம். இடிந்த சுவரின் காரையும் சுண்ணாம்பும் மண்ணில் கலந்திருந்தால் காரத்தன்மை இப்படி ஏறும் என்பதையும், அதனால் இளம் இலைகள் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளுப்பதையும் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். உரப் பரிந்துரை மட்டும் ஹெக்டேர் கணக்கில் இருந்தது. ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம் என்று நாங்களே மாற்றிக்கொண்டோம்.

உடலுக்கு நஞ்சான காரீயம் (lead) பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. கேட்டபோது, அடிப்படைப் பரிசோதனையில் கன உலோகங்கள் சேராது, தனியாகக் கேட்டால் செய்து தருவோம் என்றார்கள். அதற்கான கட்டணம் அடிப்படைப் பரிசோதனையைப் போலப் பல மடங்கு என்பதால் குழுவில் வாக்குவாதம் நடந்தது. ஆனால் காரீயம் கலந்த பெட்ரோல் உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்தான் நிறுத்தப்பட்டது; அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் புகையும், பழைய வண்ணப்பூச்சின் உதிரலும் சிதைந்து மறைவதில்லை, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. எனவே இரண்டாம் முறை சுவரோரம், சாலையோரம், நடுப்பகுதி என்று மூன்று தனித்தனிப் பைகளாக அனுப்பினோம்.

காரீய அளவு மில்லியனில் நடுப்பகுதிக்கு 90 பங்கு, சாலையோரத்துக்கு 170, சுவரோரத்துக்கு 540 என்று வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 என்ற எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்ததை வைத்துப் பார்த்தால், சுவரோரம் கைவைக்கக் கூடாத இடம். மூன்றையும் சம பங்காக ஒரே பையில் கலந்திருந்தால் மனை முழுவதும் ஆகாது என்றும், சுவரோர மண் சற்றுக் குறைவாக விழுந்திருந்தால் மனை முழுவதும் நல்லது என்றும் நம்பியிருப்போம். இந்த ஒரு தகவலுக்காகவே கட்டணம் தகும் என்பது என் கருத்து. சுவரோரத்தை மூடாக்குப் போட்டுப் பாதையாகவும் உட்காரும் இடமாகவும் மாற்றினோம். அங்கே பயம் பயிர் வேரில் ஏறுவதைவிட, காலிலும் கையிலும் ஒட்டும் புழுதி குழந்தைகளின் வாய்க்குப் போவதில்தான் அதிகம். காய் தரும் செடிகளைச் சாலைப் பக்கமும், கீரையையும் கிழங்கையும் வெளியிலிருந்து கொண்டுவந்த மண் நிரப்பிய மேட்டுப்பாத்திகளிலும் வைத்தோம். 1973இல் நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் காலி மனை ஒன்றைத் தோட்டமாக்கியபோதும் மேல்மண் கொட்டி மேட்டுப்பாத்திகளில்தான் காய்கறி வைத்தார்கள்.

குறைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, அறிக்கையின் முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. காரத்தன்மையைக் குறைக்கக் கந்தகம் இடுமாறு முதல் பக்கம் சொல்கிறது. மண் அமிலமாக ஆக காரீயம் எளிதில் கரையும் என்பதால் 6.5க்குக் கீழே போகவிடக் கூடாது என்ற எச்சரிக்கையைக் காரீய அளவு அச்சிட்ட இரண்டாம் பக்கம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த அளவு மண்ணிலுள்ள மொத்தக் காரீயமா, பயிர் எடுக்கக்கூடிய பங்கு மட்டுமா என்பதையும் நாங்கள் கேட்ட பிறகே, மொத்தம் என்று உறுதி செய்தார்கள். பயிர் எடுக்கக்கூடிய பங்காக இருந்திருந்தால் அதை 200 என்ற அளவோடு ஒப்பிடவே முடியாது.

இரண்டாவது, தாமதம். பத்து நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை பத்தொன்பதாம் நாள் வந்தது. வயல்காரர் பொறுத்துக்கொள்ளலாம், தன்னார்வக் குழு அப்படியல்ல. குப்பை அள்ளும் முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள், செய்ய வேலையில்லாமல் காத்திருந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர். ஆகவே ஆள் திரட்டுவதற்கு முன்பே, முடிந்தால் மனை உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதியில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, மாதிரியை அனுப்பிவிடுவது நல்லது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். குறைத்தது அறிக்கையின் அமைப்புக்கும் தாமதத்துக்கும். ஆய்வின் தரத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மேட்டுப்பாத்திக்கென்று லாரியில் வந்து இறங்கிய மண்ணிலிருந்து நான்காவது பை ஒன்றையும் பிறகு அனுப்பியிருந்தோம். காரீயம் குறைவுதான், உப்பு மட்டும் அதிகம் என்று வந்தது. இருவாரம் தண்ணீர் விட்டு அலசிய பிறகே நாற்றை இறக்கினோம்.