ஜாகிங் ஷூவா, தட்டை அடி ஷூவா?

பெங்களூரில் துரஹள்ளி காட்டுப் பாதைக்குப் புதிதாக மலை சைக்கிளோடு வருபவர்கள் பலர் ஜாகிங் ஷூதான் போட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தார்ச் சாலையில் அது போதும். பாறையில் இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதன் அடி மெத்தென்று இருக்கும், முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். எழுந்து நின்று இறங்கினால் பாதம் பெடலைச் சுற்றி வளைந்து சீக்கிரமே வலிக்கும். ஒரு குலுக்கலில் கால் நழுவி, பெடலில் பிடிப்புக்காக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆணி போன்ற பின்கள் (pins) முழங்காலுக்குக் கீழே கோடு போட்ட தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

மலை சைக்கிளுக்கென்றே செய்த தட்டை அடி ஷூவில் இந்தப் பின்கள் மிருதுவான ரப்பருக்குள் பதிந்துகொள்ளும். பாதத்தை நகர்த்த வேண்டுமென்றால் காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், அவ்வளவு பிடிப்பு. அடி விறைப்பாக இருப்பதால் பாதமும் சோர்வதில்லை. நடக்கத்தான் கொஞ்சம் கனம். விலை அதிகம் என்றால், தட்டையான அடியுள்ள கேன்வாஸ் ஷூவில் தொடங்கலாம். ஆனால் விரல்களுக்குப் பாதுகாப்பு குறைவு.

பெடலைப் பொறுத்தவரை, முதல் ஜோடிக்கு நைலானே சரி. விலை குறைவு, பாறையில் இடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். மாட்டும்போது மட்டும் கவனம்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், முதலில் பின் வைத்த பெடலையே வாங்குங்கள். வழுவழுப்பான பெடலில் எந்த ஷூவும் நிற்காது.