பேராதனையில் ஐந்து வருடம்: குப்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்

சித்தியின் மகனுக்குப் பேராதனைப் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. போன கிழமை கிளிநொச்சியிலிருந்து கோல் எடுத்து, "அண்ணா, கம்பஸ் எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கோ" என்றான். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். 2018இல் உள்ளே போய் 2023இல் வெளியே வந்தவன், வேலைக்கு நடுவில் இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வது?

இடத்தைப் பற்றி உனக்கே தெரியும், தம்பி. 1952இல் கொழும்பிலிருந்து குடிபெயர்ந்த பல்கலைக்கழகம், ஒன்பது பீடம், நடுவே மகாவலி, பின்னால் ஹந்தானை மலை. நூலகமும் கலைப்பீடமும் ஒரு கரை, பொறியியல் மறுகரை, இடையில் அக்பர் பாலம். படங்களில் பார்க்கிற அழகு பொய்யில்லை. மழையும் பொய்யில்லை. குடையை மட்டும் விலை பார்க்காமல் நல்லதாக வாங்கு.

நான் சொல்ல வந்தது குப்பியைப் பற்றி. போத்தலில் திரி போட்டு எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்கான குப்பி விளக்கின் பெயர்தான். பரீட்சை நெருங்கும்போது, ஒரு பாடம் விளங்கியவன் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயர். காசு கிடையாது. இடம் வெறுமையான வகுப்பறையாகவோ விடுதி மண்டபமாகவோ இருக்கும். நேரம் பெரும்பாலும் இரவு எட்டுக்குப் பிறகு.

முதல் வருடம் நான் வாய் திறக்காமல் திரிந்தேன். பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவன். ஒரு விசை பொருளை எவ்வளவு திருப்பும் என்பதை உயர்தரத்தில் 'திருப்பம்' என்று கணக்குக் கணக்காகச் செய்திருந்தேன். இங்கே ஆங்கிலத்தில் 'மொமன்ட்' என்று வந்தபோது அதுதான் இது என்று பிடிபடவே இரண்டு கிழமை போனது. அப்புறம் ஒரு இரவு, குருநாகலைப் பக்கத்துச் சிங்கள நண்பன் ஒருவன் குப்பி எடுத்தான். மேசை விளிம்பில் ஒரு இரும்பு அடிமட்டத்தைப் பாதி வெளியே நீட்டி, நுனியில் அறைச் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டான். மற்ற முனையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எந்த இடத்தில் முறியும்?" என்று கேட்டான். எல்லோரும் நுனியைக் காட்டினோம். அவன் மேசை விளிம்பைத் தொட்டான், சாவிக்கொத்தின் பாரம் திருப்புவது அங்கேதான் அதிகம். பிறகு பலகையில் இரண்டு சொல் எழுதினான். மொமன்ட் என்று ஆங்கிலத்தில், கூர்ணய என்று சிங்களத்தில். மூன்றாவதற்கு இடம் விட்டு என்னைப் பார்த்தான். எழுந்து போய் 'திருப்பம்' என்று எழுதினேன். அந்தக் கம்பஸுக்குள் நான் செய்த முதல் காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நாலாண்டுப் படிப்பு. 2020இல் கொரோனா வந்து வீட்டுக்கு அனுப்பியது, அதற்குப் பிறகு எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. அந்த நாட்களில் குப்பி எடுக்கும் முறை எனக்கு வந்தது. தம்பிமார் பன்னிரண்டு பேர், இரண்டு ஃபோன் டோர்ச். ஒன்றைத் தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே வைத்தால் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். சார்ஜ் தீரும் முன் முடிக்க வேண்டும் என்று இரண்டு மணித்தியாலப் பாடத்தை ஐம்பது நிமிடத்தில் சொன்னேன். அதைவிடத் தெளிவாக நான் எதையும் யாருக்கும் சொன்னதில்லை.

ஆனால் கோபமும் இருக்கிறது. பள்ளியில் முழுக்கத் தாய்மொழியில் படிப்பித்துவிட்டு ஒரே காலையில் ஆங்கிலத்துக்குள் தள்ளிவிடுகிற ஏற்பாடு நியாயமா? இலவசக் கல்வியின் நடுவில் கிடக்கிற அந்தப் பள்ளத்தை இருபது வயதுப் பிள்ளைகள் கண்விழித்து நிரப்புகிறார்கள். குப்பியைப் புகழும்போதெல்லாம் இதுவும் தொண்டையில் நிற்கும். குப்பிக்கு வர வெட்கப்பட்டு அறைக்குள்ளேயே இருந்தவர்களை என்ன செய்வது?

பகிடிவதை பற்றிச் சித்தி பயந்துபோய்க் கேட்டா. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பொறுத்துப் போனால்தான் அண்ணாமார் பாடம் சொல்லித் தருவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. குப்பி கடனில்லை, அதற்கு நீ எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

சாப்பாடு பழகிவிடும். வெள்ளிக்கிழமை குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு மலையேறிப் போனால் ஊர் முகங்களைப் பார்க்கலாம். வீட்டுக்கு வர ரயிலென்றால் பொல்காவலையில் மாறு, பஸ் என்றால் கண்டியிலிருந்து ஏ9 வீதி நேரே கொண்டுவந்து விடும்.

சரி, போகலாமா? நீ போ. திரும்பப் போ என்றால் நான் போகமாட்டேன். நாலு வருடம் என்று சொல்லி ஐந்துக்கு மேல் எடுத்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் நாட்டில் இல்லை. அடிமட்டம் பிடித்தவனும் போன மாதம் அவுஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.

முதல் வருடக் கொப்பிகளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ஓரங்களில் மூன்று மொழியிலும் சொற்கள் இருக்கும். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.