சூடானால் மட்டும் சண்டித்தனம்: பழைய 150 சிசி பைக்குடன் என் அனுபவம்

நான் வைத்திருக்கும் அதே மாடல் பாலக்கோட்டில் விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மைலேஜ், சீட், பிரேக் எல்லாம் அவனுக்கே தெரியும், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் உள்ள வண்டி, செல்ஃபும் கிக்கரும் உண்டு. என் புகார் ஒன்றே ஒன்று: நினைத்தால் ஸ்டார்ட் ஆகும், நினைத்தால் ஆகாது.

மார்கழிக் குளிரில், தளியில் விடியற்காலை சோக்கை இழுத்துத் தட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயை ஏறிவிட்டு டீ குடிக்க நிறுத்தினால் போச்சு. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கிக்கரை உதைத்துக் கால்தான் வலிக்கும். சாவகாசமாக இன்னொரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மெக்கானிக் கடை வாசலில் மட்டும் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. "நல்லாத்தான இருக்குதுணா" என்று அவர் சொன்னபோது வண்டியைவிட அவர் மேல்தான் கோபம் வந்தது. பாவம், வராத கோளாறை அவர் எப்படிப் பிடிப்பார்?

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதுதான் வினை என்றார் ஒருவர். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் அதுதான் காரணம் என்றால் நாள்கணக்கில் நின்ற வண்டியல்லவா அடம்பிடிக்க வேண்டும்? டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும் என்றார் இன்னொருவர். நல்ல யோசனைதான், அடைத்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து வைத்து முயன்றேன், பலனில்லை. பேட்டரி, பிளக், பிளக் கேப், கார்புரேட்டர் சர்வீஸ் என்று வரிசையாகக் காசு போனது.

கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய பிளக், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் சாமான். டூல் பாக்ஸில் ஒரு பிளக்கை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே பிளக் கேப்பைக் கழற்றி இதில் மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் ஒழுகிய இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் தேடலாம், வராவிட்டால் மின்சாரப் பக்கம். எனக்குப் பொறியே வரவில்லை. இனி கார்புரேட்டரைத் தொட விடமாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு வயதான மெக்கானிக், மேக்னட் பக்கம் இருக்கும், பொறி எப்போது வர வேண்டும் என்று சமிக்ஞை தரும் பிக்அப் காயிலைக் கழற்றி மீட்டர் வைத்தார். அளவு சரியாகத்தான் காட்டியது. "சூடு பண்ணிப் பாக்கலாம் இரு" என்று தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து சூடுகாட்டினார். கொஞ்ச நேரத்தில் மீட்டரில் அளவே காணோம். உள்ளே மெல்லிய செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. ஆறினால் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விலகும். ஓடும்போது காற்று பட்டுத் தப்பித்த காயில், நின்றதும் எஞ்சின் சூடு ஏறி மாட்டிக்கொண்டது. புதுக் காயிலின் விலையைவிட, அதற்கு முன் நான் வீணாக மாற்றிய சாமான்களின் விலை அதிகம்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்-6 என்ற புகை விதிப்படியான இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அதிலும் பிக்அப் காயில் போன்ற கிராங்க் சென்சார் இருக்கிறது, அதுவும் இதே வேலையைக் காட்டலாம்.

இப்போது தொட்டால் ஸ்டார்ட் ஆகிறது. தொப்பூர் ஏறி நிறுத்தினாலும் ஆகிறது. ஆனாலும் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. என் வண்டியை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன், அது வேறு விஷயம். மீறிப் போவதானால் காலையில் போகாதே. எல்லோரும் குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள். உச்சி வெயிலில் ராயக்கோட்டை வரை ஓட்டிப்போய் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இரு. அப்புறம் சாவியைத் திருப்பு. வண்டியை விற்பவர் "நேரமாச்சு, போலாம்" என்று அவசரப்படுத்தினால், விலையில் ஐயாயிரம் குறைத்துக் கேள்.