சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: தனியார் மையமா, பல்கலைக்கழகமா?

சம்பளம் மட்டும் பார்த்தால் பெரும்பாலும் தனியார் டியூஷன் மையம்தான் மேல். ஆனால் பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவதால் வேலை மாலையிலும் சனி, ஞாயிறிலும்தான். பெற்றோரைக் கவர நடத்தும் மாதிரி வகுப்புகளும் உங்கள் தலையில் விழும். 2021 ஜூலையில் வந்த ‘இரட்டைக் குறைப்பு’ கொள்கை, ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளிப் பாடங்களில் லாப நோக்கிலான டியூஷனுக்குத் தடை போட்டது. ஆங்கிலமும் அதில் அடக்கம். பல மையங்கள் மூடின. சம்பளப் பாக்கியோடு நின்ற ஆசிரியர்கள் உண்டு.

பல்கலைக்கழகத்தில் சம்பளம் குறைவு. பாட நேரமும் குறைவு. சீனப் புத்தாண்டை ஒட்டி நீண்ட விடுமுறை. புதிதாகப் போகிறவருக்கு நான் இதையே சொல்வேன்.

அப்புறம், எங்கே சேர்ந்தாலும் இசட் விசா, அதாவது வேலை செய்வதற்கான விசா, இல்லாமல் கிளம்பாதீர்கள். ‘பிசினஸ் விசாவில் வாங்க, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.